44ல் தொடங்கும் முகவரி: ஹாம் இணைய வலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உரிமம் கைக்கு வந்து, கையடக்க ரேடியோவில் நாலு பேரோடு பேசிப் பழகிய பிறகு, கணினியில் கொஞ்சம் கை உள்ள ஹாம்களுக்கு, அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு, ஒரு ஆசை வரும். வரும் குரலை வாங்கித் தொலைவுக்குத் திருப்பி அனுப்பும் நம் ரிப்பீட்டரை இணையத்தோடு இணைத்தால் என்ன? மலை உச்சியில் இருக்கும் பெட்டியை வீட்டிலிருந்தே கவனித்துக்கொள்ள முடிந்தால் என்ன? ரேடியோவை இணையம் வழியே வேறு ஊர் ஹாம்களோடு இணைக்கும் ஒரு எக்கோலிங்க் நிலையம் போட்டால் என்ன?

உட்கார்ந்து அமைக்கத் தொடங்கிய முதல் நாளே பலர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். எக்கோலிங்குக்கு யுடிபி 5198, 5199 என்ற இரண்டு போர்ட்டுகளும், அதாவது எண்ணிட்ட இணைய வாசல்களும், வெளியிலிருந்து வருபவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். ஆனால் இணைய நிறுவனங்கள் பலவும் இன்று பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைக்கின்றன. உங்கள் ரௌட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் ஏதோ ஒன்றாகத் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். ரௌட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் பயன் இராது; வெளிவாசல் உங்கள் கையில் இல்லை.

ஹாம்களுக்கு இதற்கு ஒரு வழி உண்டு. 44 என்று தொடங்கும் ஐபி முகவரிகளில் பெரும்பகுதி, உலகத்தில் உள்ள அமெச்சூர் வானொலிக்காரர்கள் எல்லோருக்குமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆம்பர்நெட் என்றும் 44நெட் என்றும் அதைச் சொல்வோம். கட்டணம் கிடையாது. உரிமம் இருந்தால் போதும், கேட்கலாம்.

அந்த முகவரியைக் கேட்டு வாங்குவது, வீட்டுக்குக் கொண்டுவருவது, ரேடியோவில் ஏற்றுவது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அது யாருடைய சொத்து, யார் முடிவெடுக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பேசியாக வேண்டும். செய்முறையை மட்டும் கற்றுக்கொண்டு வந்தவர்கள், ஒரு நாள் முகவரி மாறியபோதோ, பொறுப்பாளர் ஒருவர் இல்லாமல் போனபோதோ, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த எண்கள் யாருடையவை

1981ல் ஹேங்க் மேக்னஸ்கி என்ற அமெரிக்க ஹாம், அழைப்புக்குறி கேஏ6எம், அமெச்சூர் வானொலிப் பரிசோதனைக்கென்று ஒரு முகவரித் தொகுதியைக் கேட்டு வாங்கினார். அந்தக் காலத்தில் இணையம் என்பது சில ஆராய்ச்சிக்கூடங்களின் விஷயம். கேட்டவருக்கு முழு 44.0.0.0/8 தொகுதியும், அதாவது 44ல் தொடங்கும் எல்லா முகவரிகளும், கிடைத்தது. 1,67,77,216 முகவரிகள். இன்றைக்கு ஒரு பெரிய நிறுவனம் கோடி கோடியாகக் கொட்டினாலும் அப்படி ஒரு தொகுதி முழுதாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

எண்கள் கிடைத்தாலும் அவற்றை ஓட்டுவதற்கு மென்பொருள் வேண்டுமே. 1980களின் நடுவில் கேஏ9க்யூ என்ற அழைப்புக்குறியை உடைய ஃபில் கார்ன், சின்னக் கணினிகளிலும் டிசிபி/ஐபி என்ற இணையத்தின் அடிப்படை நெறிமுறை ஓடும்படி ஒரு நிரலை எழுதினார். தரவைத் துண்டு துண்டாக ரேடியோவில் அனுப்பும் ஏஎக்ஸ்.25 பாக்கெட் ரேடியோவில் நொடிக்கு 1200 பிட் வேகத்தில் அது ஓடியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்திலிருந்த பிரையன் கேன்டர் முகவரிப் பதிவேட்டைப் பல வருடங்கள் கவனித்துக்கொண்டார். வெளி இணையத்துக்கும் 44நெட்டுக்கும் நடுவில் ஒரு நுழைவாயிலை அந்தப் பல்கலைக்கழகத்தில் நடத்தினார். நாடுவாரியாகத் தன்னார்வ ஒருங்கிணைப்பாளர்கள் இருந்தார்கள். அவர்களிடம் கேட்டால் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். ஒப்பந்தம், பத்திரம் எதுவும் இல்லை. எல்லாம் நம்பிக்கையில் ஓடியது.

2011ல் அமெச்சூர் ரேடியோ டிஜிட்டல் கம்யூனிகேஷன்ஸ், சுருக்கமாக ஏஆர்டிசி, என்ற லாபநோக்கற்ற அமைப்பு கலிஃபோர்னியாவில் பதிவானது. முகவரிகளின் சட்டப் பொறுப்பு அதன் கைக்கு வந்தது. 2019 ஜூலையில் ஒரு செய்தி வெளியானது: 44.192.0.0/10, அதாவது மொத்தத் தொகுதியில் கால் பங்கு, 41,94,304 முகவரிகள், அமேசானுக்கு விற்கப்பட்டுவிட்டன. கிடைத்தது 10 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். உலகெங்கும் அந்த எண்களைப் பயன்படுத்திவந்த ஹாம்களில் மிகப் பெரும்பாலோருக்கு விற்று முடிந்த பிறகுதான் தெரியும்.

விற்ற கால் பங்கில் பெரும்பகுதி சும்மா கிடந்ததுதான். ஆனாலும் ஜெர்மனியின் ஹாம்நெட் வலைக்கு 44.224.0.0/15 என்ற பகுதி அதற்குள்தான் இருந்தது. அவர்கள் 44.148.0.0/15க்கு மாற வேண்டியிருந்தது. மலை மலையாக ஏறி ரௌட்டர்களின் முகவரியை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று செய்தவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

அந்தப் பணத்தால் ஏஆர்டிசி ஒரு அறக்கட்டளையைப் போல மானியங்கள் கொடுத்துவருகிறது. மாணவர் உதவித்தொகை, திறந்த மூல மென்பொருள், ரிப்பீட்டர் வேலைகள் என்று பலவற்றுக்குப் போகிறது. எம்ஐடி மாணவர்களின் ரேடியோ கழகம் தங்கள் கட்டட உச்சியில் இருக்கும் பெரிய ஆன்டெனாவின் குவிமாடத்தைப் புதுப்பிக்க 2021ல் 16 லட்சம் டாலர் பெற்றது. இதெல்லாம் நல்ல காரியங்கள், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் பொதுவில் வைத்திருந்த ஒன்றைப் பயன்படுத்துபவர்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல் விற்றது தவறு என்பதுதான் இன்றும் என் எண்ணம். விற்பனை சரியா தவறா என்பதில் நீங்கள் என்னோடு மாறுபடலாம். முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும் என்பதில் மாறுபட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிரையன் கேன்டர் விற்பனை நடந்த 2019லேயே நவம்பரில் காலமானார். அதற்குப் பிறகு அமைப்பு மெல்ல மாறியது. ஊழியர்கள் வந்தார்கள், மானியங்களுக்கும் தொழில்நுட்பத்துக்கும் ஆலோசனைக் குழுக்கள் வந்தன, பதிவுத் தளம் புதிதாக எழுதப்பட்டது. 2021ல் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு ஒரு யோசனையை வெளிப்படையாக முன்வைத்தது: மிஞ்சியிருக்கும் இரண்டு துண்டுகளில் 44.0.0.0/9ஐ இணையத்தோடு பேசுபவர்களுக்கும், 44.128.0.0/10ஐ ஹாம்களுக்குள் மட்டும் பேசுபவர்களுக்கும் பிரித்துவிடலாம் என்று. கடும் எதிர்ப்பு வந்தது. எண்ணை மாற்ற வேண்டியிருந்தவர்கள்தான் அதிகம் பேசினார்கள். அப்படித்தான் நடக்க வேண்டும். 2019ல் இந்தப் பேச்சுக்கே இடம் இருக்கவில்லை.

புதியவர்கள் ஒன்றை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஆர்டிசியை நிர்வகிப்பது ஒரு இயக்குநர் குழு. முகவரி வைத்திருப்பவர் எல்லோரும் வாக்களிக்கும் சங்கம் அது கிடையாது. உங்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி, உடைமை இல்லை. குரல் கொடுக்க இருக்கும் வழி அந்த ஆலோசனைக் குழுக்களும், அவை கருத்துக் கேட்கும் நேரங்களும்தான். அந்த வழி சின்னதுதான், ஆனால் திறந்திருக்கிறது. குழுக்களில் சேரத் தன்னார்வலர்களைக் கேட்கும்போது பெயர் கொடுங்கள்.

படி 1: 44 உங்களுக்குத் தேவைதானா

எல்லோருக்கும் தேவைப்படாது. உங்கள் வட்டாரத்தில் நாலைந்து பேர் சேர்ந்து, பேரிடர் நேரத்தில் இணையம் இல்லாமலே படமும் செய்தியும் அனுப்ப ஒரு வலை வேண்டும் என்றால், ஏஆர்டன் மென்பொருளைப் பாருங்கள். சந்தையில் கிடைக்கும் வெளிப்புற வைஃபை கருவிகளில் அதை ஏற்றினால், 10 என்று தொடங்கும் தனியார் முகவரிகளைத் தானே ஒதுக்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் நிலையங்களைத் தானே தேடிப் பின்னிக்கொள்ளும். யாரிடமும் முகவரி கேட்க வேண்டியதில்லை.

வெளியுலகத்திலிருந்து உங்கள் கருவியைத் தொட வேண்டும், அல்லது வேறொரு நாட்டு ஹாம் வலையோடு முகவரி மோதாமல் பேச வேண்டும் என்றால் 44 வேண்டும். ஐரோப்பாவின் ஹாம்நெட் இதற்கு நல்ல உதாரணம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்று எல்லை தாண்டி, கோபுரத்துக்குக் கோபுரம் 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்புகள் போட்டு, பாதைகளைப் பரிமாறிக்கொள்ள பிஜிபி ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு நாட்டுக்காரரும் 10.0.0.0ஐத் தன் இஷ்டத்துக்கு எடுத்திருந்தால் அந்த வலை எல்லையிலேயே முறிந்திருக்கும். பொதுவான ஒரு பதிவேட்டின் அருமை அங்கேதான் தெரியும்.

படி 2: கேட்டு வாங்குவது

ஏஆர்டிசியின் பதிவுத் தளத்தில் அழைப்புக்குறியோடு ஒரு கணக்கைத் திறக்க வேண்டும். உரிமத்தின் நகல் கேட்பார்கள். சரிபார்த்த பிறகு முகவரிக்கு விண்ணப்பிக்கலாம். என்ன செய்யப்போகிறீர்கள், எங்கே, எப்படி இணைக்கப்போகிறீர்கள் என்பதை எழுதுங்கள். மறுபக்கத்தில் விண்ணப்பத்தைப் படிப்பவர்களில் பலர் தன்னார்வலர்கள். ‘பரிசோதனை’ என்று ஒற்றைச் சொல் எழுதியவருக்கு எதிர்க்கேள்விதான் வரும். ‘ஒரு ரிப்பீட்டர் கட்டுப்பாட்டுக் கணினி, ஒரு ஏபிஆர்எஸ் நிலையம், ஒரு வானிலைக் கருவி, வயர்கார்டு வழி இணைப்பு’ என்று எழுதியவருக்கு வேலை சீக்கிரம் முடியும். (ஏபிஆர்எஸ் என்பது இருப்பிடம், வானிலை போன்ற சின்னத் தகவல்களை ரேடியோவில் அனுப்பும் முறை; வயர்கார்டைப் பற்றிப் படி 3ல் வரும்.)

எவ்வளவு கேட்பது? ஒரே ஒரு கருவி என்றால் ஒரு முகவரி. ஒரு வீட்டு நிலையத்துக்கு 8 அல்லது 16 முகவரிகள் தாராளம். நேரடியாக இணையத்தில் அறிவிப்பதற்கு மட்டும் 256 கொண்ட /24 வேண்டும், ஏனென்றால் அதைவிடச் சின்னத் துண்டை உலக ரௌட்டர்கள் ஏற்றுக்கொள்வதில்லை. கிடைக்கிறதே என்று அள்ளாதீர்கள். பயன்படுத்தாததைத் திருப்பிக் கொடுக்கலாம்; கொடுத்தவர்களைப் பார்த்தால் எனக்கு மரியாதை கூடும்.

விதிமுறைகளைத் தயவுசெய்து முழுதும் படியுங்கள். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. உரிமம் காலாவதியானால் முகவரிக்கும் அடிப்படை இல்லாமல் போகும். தொடர்புக்குக் கொடுத்த மின்னஞ்சல் இயங்கும் மின்னஞ்சலாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம் அற்பமாகத் தோன்றும். ஒதுக்கீட்டை உறுதிப்படுத்தச் சொல்லிக் கடிதம் வரும்போது அது யாரும் திறக்காத பெட்டியில் விழுந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 3: எந்த வழியில் இணைவது

முகவரி கிடைத்துவிட்டது. ஆனால் உங்கள் இணைய நிறுவனத்துக்கு அந்த எண்ணைப் பற்றி எதுவும் தெரியாது. 44நெட்டிலிருந்து உங்கள் வீடு வரை ஒரு சுரங்கப்பாதை, அதாவது டன்னல், போட வேண்டும். மூன்று வழிகள் உண்டு.

பழைய வழி ஐபிஐபி. ஒரு ஐபி பொட்டலத்தை இன்னொரு ஐபி பொட்டலத்துக்குள் அப்படியே வைத்து அனுப்புவது. இந்த முறையில் ஒவ்வொரு நுழைவாயிலும் மற்ற எல்லா நுழைவாயில்களுக்கும் நேரடி டன்னல் வைத்திருக்கும். யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியலை 44.0.0.1 என்ற மைய நுழைவாயில் சுமார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ரிப் என்ற பாதைத் தகவல் நெறிமுறையின் அறிவிப்பாக அனுப்பும். அந்த அறிவிப்புக்கு ஒரு கடவுச்சொல் உண்டு. ‘ப்ளெயின் டெக்ஸ்ட் பாஸ்வேர்டு’ என்ற ஆங்கிலச் சொற்களில் கடைசிச் சொல்லைச் சுருக்கி, பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக மாற்றி மாற்றி எழுதினால் அதுதான் கடவுச்சொல், எல்லோருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் அறிந்த சின்னக் கூட்டத்துக்காகக் கட்டியது இது என்பது இந்த ஒன்றிலேயே விளங்கும்.

ஐபிஐபியில் புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. ‘4ஐத் திறக்க வேண்டும்’ என்று எங்கோ படித்துவிட்டு ரௌட்டரில் போர்ட் 4ஐத் திறந்து வைப்பார்கள். திறக்க வேண்டியது நெறிமுறை எண் 4. டிசிபி 6, யுடிபி 17 என்பதைப் போல ஐபிஐபிக்கு 4. அதற்குப் போர்ட் என்ற ஒன்றே கிடையாது. அதனால்தான் வீட்டு ரௌட்டர்கள் பலவற்றுக்கு அதை உள்ளே அனுப்பத் தெரிவதில்லை. பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் இணைப்பில் இது நடக்கவே நடக்காது.

இன்னொரு குறை தூரம். ஐபிஐபி நுழைவாயில்கள் தங்களுக்குள் நேராகப் பேசிக்கொள்ளும். வெளி இணையத்தோடு பேச மட்டும் சான் டியேகோ போய்த்தான் திரும்ப வேண்டும். உலகத்தின் மறுகோடியில் இருப்பவர் பக்கத்துத் தெருவில் சாதாரண இணையத்தில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பும் பொட்டலம்கூடப் பசிபிக் கரையைத் தொட்டுவிட்டு வரும். அந்த ஒரு இயந்திரம் நின்றால் எல்லோருக்கும் நிற்கும்.

இரண்டாவது வழி வயர்கார்டு என்ற டன்னல் மென்பொருள். புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். யுடிபியில் ஓடுவதால் எந்த ரௌட்டரையும் தாண்டிப் போகும். டன்னலை உங்கள் பக்கத்திலிருந்து தொடங்குவதால் பகிர்ந்த பொது முகவரிக்குப் பின்னால் இருந்தாலும் தடையில்லை. ஒவ்வொரு முனைக்கும் ஒரு ரகசியச் சாவி, ஒரு பொதுச் சாவி; பொதுச் சாவியை மட்டும் பரிமாறிக்கொண்டால் போதும். ஏஆர்டிசியே ‘44நெட் கனெக்ட்’ என்ற பெயரில் இந்த வழியைக் கொடுக்கிறது. பல நாடுகளில் தன்னார்வலர்களும் இப்படி நுழைவாயில்கள் நடத்துகிறார்கள். அவர்களில் ஒருவரோடு இணைகிறீர்கள் என்றால், அந்தச் சேவையகத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

அமைப்புக் கோப்பில் ‘பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்’ என்ற மதிப்பை 25 நொடி என்று வையுங்கள். இல்லாவிட்டால் சற்று நேரம் சும்மா இருந்ததும் ரௌட்டர் பாதையை மறந்துவிடும். நீங்கள் உள்ளிருந்து தொடும்போது எல்லாம் சரியாக இருக்கும், வெளியிலிருந்து யாராவது அழைத்தால் கிடைக்காது.

மூன்றாவது வழி பிஜிபியில் நேரடியாக அறிவிப்பது. /24ஐ வாங்கி, ஏஆர்டிசியிடம் அனுமதிக் கடிதம் பெற்று, பிஜிபி அனுமதிக்கும் ஒரு சேவையக நிறுவனம் வழியாக அந்தத் தொகுதியை உலகத்துக்கு அறிவிக்கலாம். சான் டியேகோவை நம்பியிருக்க வேண்டாம், வேகமும் கிடைக்கும். ஒரு கழகமாகவோ வட்டார வலையாகவோ இருந்தால் இதுதான் சரி. தனி ஆளாகப் பழகுவதற்கு இது அதிகம். ஒரு தவறான அறிவிப்பு உங்களோடு நிற்காது, மற்றவர்களின் போக்குவரத்தையும் இழுத்துவிடும்.

படி 4: திரும்பும் பாதை

நான் ஒரு வார இறுதி முழுவதையும் தொலைத்தது இந்த இடத்தில்தான். அதனால் நின்று சொல்கிறேன்.

டன்னல் எழுந்துவிட்டது. வயர்கார்டு ‘கைகுலுக்கல் நடந்தது’ என்று காட்டுகிறது. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் 44 முகவரி இருக்கிறது. வெளியிலிருந்து நண்பர் பிங் செய்கிறார், அதாவது ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சின்னப் பொட்டலம் அனுப்புகிறார், பதில் வரவில்லை. கருவியில் போகும் வரும் பொட்டலங்களைக் காட்டும் டிசிபிடம்ப் நிரலை ஓட்டிப் பார்த்தேன். டன்னல் இடைமுகத்தில் கேள்வி வந்து விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, நொடிக்கு ஒன்று. பதில் மட்டும் அந்த இடைமுகத்தில் இல்லை. ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டேன், சாவிகளை மாற்றினேன், கருவியையே புதிதாக நிறுவினேன். கடைசியில் வீட்டு ஈதர்நெட் இடைமுகத்தில் டிசிபிடம்ப் வைத்தபோதுதான் தெரிந்தது. பதில்கள் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.

காரணம் எளியது. கருவியின் இயல்பான பாதை வீட்டு ரௌட்டரை நோக்கி இருக்கிறது. வந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும் என்று கருவிக்கு யாரும் சொல்லவில்லை. 44 என்ற மூல முகவரியோடு ஒரு பொட்டலம் வீட்டு இணைப்பு வழியே வெளியேறினால், இணைய நிறுவனம் ‘இது என் வாடிக்கையாளரின் முகவரி இல்லையே’ என்று அதைப் போட்டுவிடும். போட வேண்டியதுதான், போலி முகவரித் தாக்குதலைத் தடுக்க இருக்கும் நல்ல பழக்கம் அது.

தீர்வு மூல முகவரியைப் பார்த்துப் பாதையைத் தேர்வது. லினக்ஸில் 44 என்ற எண்ணிட்ட ஒரு தனிப் பாதை அட்டவணையை உருவாக்கி, அதன் இயல்பான பாதை டன்னல் என்று எழுதுங்கள். பிறகு ஒரு விதி: மூல முகவரி என் 44 தொகுதியில் இருந்தால் அந்த அட்டவணையைப் பார். ‘ஐபி ரூல்’ கட்டளையில் ஒரே வரி. அந்த ஒரு வரிக்குத்தான் எனக்கு இரண்டு நாள் ஆனது. வயர்கார்டைத் தொடங்கும் கருவி தானாகப் பாதை போடுவதை நிறுத்தி வைக்கவும் மறக்காதீர்கள். விட்டால் கருவியின் மொத்தப் போக்குவரத்தையும் டன்னலுக்குள் தள்ளிவிடலாம்.

பிங் வந்த பிறகு இன்னொரு வினோதம் வரலாம். பிங் போகிறது, வலைப்பக்கம் மட்டும் பாதியில் தொங்குகிறது. டன்னலின் உறைக்கும் இடம் வேண்டும் அல்லவா? சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட். ஐபிஐபியில் உறைக்கு 20 போய் 1480 மிஞ்சும். வயர்கார்டின் வழக்கமான அளவு 1420. பெரிய பொட்டலங்கள் நடுவழியில் நிற்கின்றன, சின்ன பிங் நுழைந்துவிடுகிறது. டிசிபியின் எம்எஸ்எஸ் மதிப்பை, அதாவது ஒரு பொட்டலத்தில் ஏற்றும் தரவின் உச்ச அளவை, டன்னலுக்கு ஏற்பக் குறுக்கும் விதியை ஃபயர்வாலில் சேர்த்தால் சரியாகிவிடும்.

ஐபிஐபி வழி வருபவர்களுக்கு மட்டும் ஒன்று: உங்கள் முகவரிக்கு ஏஎம்பிஆர்.ஆர்க் டொமைனில் ஒரு பெயர் பதிவாகியிருக்க வேண்டும். பெயர் இல்லாத முகவரிக்கு மைய நுழைவாயில் இணையப் போக்குவரத்தை விடாது. எல்லாம் சரியாக இருந்தும் மௌனம் என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

படி 5: கதவைப் பூட்டுவது

44 முகவரி உயிர்பெற்ற கொஞ்ச நேரத்திலேயே முன்பின் தெரியாதவர்கள் கதவைத் தட்டத் தொடங்குவார்கள். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக இணைய ஆய்வாளர்கள், 44நெட்டில் யாரும் பயன்படுத்தாத முகவரிகளில் வந்து விழும் போக்குவரத்தை ஒரு தொலைநோக்கி போலப் பல வருடங்கள் சேகரித்தார்கள். யாருமே இல்லாத முகவரிகளுக்கு அத்தனை பொட்டலங்கள்: துழாவல்கள், புழுக்கள், தாக்குதல்களின் எதிரொலிகள்.

அதனால் எல்லாவற்றையும் மூடிவிட்டு, வேண்டியதை மட்டும் திறங்கள். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழியான எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் நுழைவை நிறுத்திச் சாவி மட்டும். ‘44லிருந்து வந்தால் ஹாம்தான், நம்பலாம்’ என்று விதி எழுதாதீர்கள். கால் பங்கு இப்போது அமேசானிடம் இருக்கிறது. அங்கே வாடகைக்கு எடுத்த எந்தக் கணினிக்கும் 44ல் தொடங்கும் முகவரி வரலாம். 44.0.0.0/8 என்று எழுதியிருக்கும் பழைய உதாரணங்களை 44.0.0.0/9, 44.128.0.0/10 என்று இரண்டாகத் திருத்தி எழுதுங்கள். ஒரு பாதுகாப்பு விதி ஒரே நாளில் பொய்யாகிப் போவதற்கு இதைவிட நேரான உதாரணம் என்னிடம் இல்லை.

படி 6: ரேடியோவில் ஏற்றும்போது

இணையக் கம்பியில் எதையும் மறைகுறியாக்கலாம். அமெச்சூர் அலைவரிசையில் அப்படி இல்லை. வெவ்வேறு நாடுகளின் அமெச்சூர் நிலையங்களுக்கு இடையேயான செய்திகளைப் பொருள் மறையும்படி குறியாக்கக் கூடாது என்று ஐடியு எனப்படும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகள் சொல்கின்றன. செயற்கைக்கோள் கட்டுப்பாட்டுக் கட்டளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பல நாடுகள் உள்நாட்டுத் தொடர்புக்கும் இதே கட்டுப்பாட்டை வைத்திருக்கின்றன. உங்கள் உரிமத்தின் விதிகளை எடுத்துப் பாருங்கள். இதில் அடுத்தவர் சொன்னதை நம்பிச் செய்யாதீர்கள்.

அப்படியானால் வயர்கார்டு டன்னல் வீட்டு நுழைவாயிலோடு முடிந்துவிட வேண்டும். அங்கிருந்து ரேடியோவுக்குப் போவது திறந்த பொட்டலம். ரேடியோ இடைமுகத்தில் எச்டிடிபிஎஸ், எஸ்எஸ்எச் இரண்டையும் தடுக்கும் விதியைப் போடுங்கள். மலை மேல் இருக்கும் கருவியை நிர்வகிக்க யார் கட்டளையிட்டார் என்பதை உறுதிசெய்யும் கையொப்பம் போதும். செய்தியை மறைக்காமல் கையொப்பம் இடுவது பொருளை மறைப்பது ஆகாது.

வேகத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 1200 பிட் பாக்கெட் இணைப்பில் 2 மெகாபைட் வலைப்பக்கம் ஒன்றை இறக்க, இழப்பே இல்லை என்று வைத்தாலும் 3 மணி நேரம் 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது. அலைவரிசையும் பொதுச்சொத்துதானே. கணினிகள் தாமாக அனுப்பும் புதுப்பிப்புச் சோதனை, பெயர் தேடல் எதுவும் ரேடியோ பக்கம் கசியாதபடி அடைத்துவிடுங்கள். மெதுவான இணைப்புக்கு வெற்று எழுத்துச் செய்திகள், ஏபிஆர்எஸ், சின்ன அளவீடுகள். வலைப்பக்கம் வேண்டும் என்றால் மைக்ரோவேவ் இணைப்புக்கு வாருங்கள்.

படி 7: உங்கள் குழுவுக்குள் யார் பொறுப்பு

நான் முன்பு சேர்ந்திருந்த ஒரு வட்டாரக் குழுவில் நுழைவாயிலை ஒரே ஒருவர் கட்டி நடத்திவந்தார். அருமையான வேலைக்காரர். சேவையகக் கட்டணம் அவர் அட்டையில், டொமைன் அவர் பெயரில், கோபுர அறையின் சாவி அவர் வீட்டு ஆணியில், நிர்வாகக் கடவுச்சொல் அவர் தலைக்குள். அவர் திடீரென்று நோயில் விழுந்தபோது நலம் விசாரிக்கப் போனவர்களால் கடவுச்சொல்லைப் பற்றிக் கேட்க மனம் வரவில்லை. மூன்று மாதத்தில் டொமைன் காலாவதியானது. அடுத்து சேவையகம் நின்றது. பதினோரு நிலையங்கள் ஒன்றோடொன்று பேச முடியாமல் போயின. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. எல்லோரும் அவரை நம்பினோம், அவர் சுமையைப் பங்குபோட்டுக்கொள்ள யாரும் முன்வரவில்லை.

அதன் பிறகு எந்த வலையில் சேர்ந்தாலும், கட்டினாலும், முதல் கூட்டத்திலேயே சிலவற்றை எழுதி வைக்கச் சொல்லி நச்சரிக்கிறேன். 44 ஒதுக்கீடு யார் பெயரில், அவருக்குப் பின் யார். டொமைனும் சேவையகமும் தனி ஆள் பெயரில் இருந்தால் எந்தத் தேதிக்குள் கழகத்தின் பெயருக்கு மாற்றுவது. நிர்வாகக் கணக்குகளுக்குக் குறைந்தது இரண்டு பேர், இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. எந்த முகவரி எந்தப் பெட்டிக்கு என்ற பட்டியல், எல்லோரும் படிக்கக்கூடிய இடத்தில். ஒருவரின் முகவரியைத் திரும்பப் பெறுவது, வலையின் ஒரு பகுதியை மாற்றுவது போன்ற முடிவுகளை எத்தனை நாள் முன்பாகச் சொல்ல வேண்டும், யாருடைய ஒப்புதல் வேண்டும். நான் கேட்பது 30 நாள். அவசர நேரத்தில் உடனே வெட்டலாம், ஆனால் காரணத்தை அன்றே எழுத வேண்டும்.

தொழில்நுட்பத்தைப் புதுப்பிக்கும்போதும் இதே வரிசையைப் பின்பற்றுங்கள். ஐபிஐபியிலிருந்து வயர்கார்டுக்கு மாறுவதாக இருந்தால் பழையதை ஒரே இரவில் நிறுத்தாதீர்கள். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, ஒவ்வொரு நிலையமாக மாற்றுங்கள். மூலையில் பழைய கருவியோடு தனியாக ஒருவர் இருப்பார். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவர் மாறும் வரை காத்திருங்கள். பல நேரம் அந்த வலையைத் தொடங்கி வைத்ததே அவராகத்தான் இருக்கும்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு ஒத்திகை வையுங்கள். குழுவில் இரண்டாவது பொறுப்பாளரை அழைத்து, வெறும் மெமரி கார்டு போட்ட ஒரு கருவியையும் உங்கள் குறிப்பேட்டையும் கொடுங்கள். நுழைவாயிலை முதலிலிருந்து கட்டச் சொல்லுங்கள். நீங்கள் விசைப்பலகையைத் தொடக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. எந்த இடத்தில் அவர் நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த இடத்தில் குறிப்பேட்டில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அதை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு பிங் திரும்பி வரும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.